அறை சுடச்சுட, பைப் உறைய: பனிக்கால ட்ரெய்லருக்குக் காஸ் ஃபர்னஸா, மின் ஹீட்டரா?

மார்கழி லீவுக்குக் கொழும்பிலிருந்து ரொறன்ரோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், இரண்டு மூன்று இரவு ட்ரெய்லரில் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும், கட்டில், குசினி, டொய்லெட் உள்ள சிறு வீடு) தங்கிப் பார்க்க ஆசைப்பட்டால், வாடகைக்கு எடுக்கும் முன்பே ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: ட்ரெய்லரோடு வருகிற காஸ் ஃபர்னஸை, அதாவது காஸை எரித்துச் சூடான காற்றை ஊதும் கருவியை, நம்புவதா, சுவரில் செருகும் மின் ஹீட்டர் போதுமா?

நுவரெலியா அனுபவத்தை வைத்து இதைக் கணக்குப் போட வேண்டாம். அங்கே ஜனவரியில் புல்லில் பனி உறைந்தாலும் வெயில் ஏறியதும் கரைந்துவிடும். ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் ஜனவரி இரவு −20 பாகைக்கு இறங்கும். பகலில்கூடப் பல நாட்கள் பூச்சியத்தைத் தாண்டாது. கம்பளி போர்த்திக்கொண்டு ஆட்கள் சமாளித்துவிடலாம், பைப்பால் முடியாது. தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். வெடிப்பது பெரும்பாலும் பைப் அல்ல. அதன் இணைப்புகள், பம்ப்புக்கு முன்னால் உள்ள வடிகட்டிக் கிண்ணம், டொய்லெட் வால்வு ஆகியவைதான்.

எங்கள் தெரிவு ஃபர்னஸ்.

மின் ஹீட்டருக்கும் நியாயம் இருக்கிறது. சத்தம் குறைவு, சிலிண்டர் தூக்கும் வேலை இல்லை. ஆனால் கனடாவில் 120 வோல்ட். 1500 வாட் ஹீட்டர் 12.5 அம்பியர் இழுக்கும், மணிக்கு ஏறக்குறைய 5,100 பிடியு (BTU என்ற வெப்ப அலகு) வெப்பம் தரும். ட்ரெய்லர் ஃபர்னஸ் வழக்கமாக 20,000 முதல் 35,000 பிடியு. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது. அரை மணி நேரம் ஓடவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சொக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது, உடனே கழற்றுங்கள்.

வாட் கணக்கை விடப் பெரிய விஷயம் சூடு எங்கே போகிறது என்பது. பனிக்காலத்துக்கென்று கட்டிய ட்ரெய்லரின் அடிப்பக்கம் தகடு போட்டு மூடியிருக்கும். நல்ல தண்ணீர்த் தாங்கி, கழிவுநீர்த் தாங்கிகள், பைப்புகளில் பாதி எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். ஃபர்னஸின் சூடான காற்று அறைக்குப் போகும்போதே ஒரு கிளைக் குழாய் வழியாக அங்கேயும் போகும். ஃபர்னஸ் ஓடினால்தான் அடிப்பக்கத்துக்குச் சூடு.

இப்போது மேலே மின் ஹீட்டரைப் போடுகிறீர்கள். அறை 21 பாகைக்கு வந்துவிடுகிறது. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் அறைச் சூட்டை மட்டும் பார்த்து ஃபர்னஸை நிறுத்திவைக்கிறது. மேலே நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இருக்க, காலுக்குக் கீழே அரை அடியில் பைப் உறைந்துகொண்டிருக்கிறது. விடியற்காலை குழாயைத் திறந்தால் பம்ப் உறுமும், தண்ணீர் வராது. மின் ஹீட்டரை வைத்திருந்தவர்கள் ‘அறை நல்ல சூடாகத்தானே இருந்தது’ என்று குழம்புவது இதனால்தான். ஆகவே வாடகைக்குத் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அடிப்பக்கம் மூடியதா, ஃபர்னஸ் காற்று அதற்குள் போகிறதா? இரண்டில் ஒன்று இல்லை என்றால் பைப்பில் தண்ணீரே விடாமல், கேனில் கொண்டுபோய்ப் பாவிப்பதுதான் பாதுகாப்பு.

ஃபர்னஸின் குறை அதன் பசி. அங்கே பாவிக்கும் சிறிய சிலிண்டரில் 20 பவுண்ட், அதாவது 9 கிலோ காஸ். நம் வீட்டு 12.5 கிலோவை விடக் குறைவு. 30,000 பிடியு ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் அது 14 மணி நேரம் வரும். பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூட. ஆகவே எப்போதும் இரண்டு சிலிண்டர் வேண்டும். −20இலும் காஸ் எரியுமா என்ற பயம் வேண்டாம். 2021 கடைசியில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது இங்கே எல்லோரும் பேசிய பியூட்டேன்–புரொப்பேன் கலவை விகிதம் நினைவிருக்கும்: பியூட்டேன் −0.5 பாகைக்குக் கீழே வாயுவாகாது, புரொப்பேன் −42 வரை ஆகும். அங்கே சிலிண்டரில் வருவது புரொப்பேன்.

ஃபர்னஸின் விசிறிக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும், ஏறக்குறைய 7 அம்பியர். கரண்ட் இணைப்புள்ள இடத்தில் கவலையில்லை. இல்லாத இடத்தில் 100 அம்பியர்-மணி (Ah) ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். பாதி நேர ஓட்டத்துக்கு 14 மணி நேரம், குளிரில் அதிலும் குறையும். காஸ் நிறைய இருந்தும் ஃபர்னஸ் நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் பற்றரியால்.

டீசல் ஹீட்டரும் சிலர் பூட்டுகிறார்கள். எரிபொருள் சிக்கனம், ஆனால் தனியாகக் குழாய் இழுக்காவிட்டால் அதன் சூடும் மேலேயே நிற்கும். வாடகை ட்ரெய்லருக்கு அது தேவைப்படாது என்பதே என் எண்ணம்.

குசினி அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வேறு. அது ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் தண்ணீராக இறங்கும்.

எதைத் தெரிவு செய்தாலும் கையால் செய்ய வேண்டியவை சில. வெளிக்குழாயிலிருந்து தாங்கியை நிரப்பியதும் ஹோஸைக் கழற்றி வடித்து வையுங்கள். கழிவு வால்வை மூடியே வைத்து, தாங்கி நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறவுங்கள். திறந்துவிட்டால் சொட்டுச்சொட்டாக ஓடும் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கட்டியாகி அடைத்துவிடும். சிங்க்குக்குக் கீழ் அலுமாரிக் கதவுகளை இரவில் திறந்து வையுங்கள். வெளிப்புற ஷவர் பெட்டிதான் முதலில் உறையும் இடம்; அதன் பைப்பை மூடி வடிக்க வழியிருந்தால் செய்யுங்கள். கழிவுத் தாங்கி உறையாமலிருக்க அதற்குள் ஊற்ற, ட்ரெய்லருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு திரவத்தை மட்டும் வாங்குங்கள். காருக்கு ஊற்றும் கூலன்ட் நஞ்சு.

அப்படியும் உறைந்துவிட்டால் பம்ப்பை நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஹேர் ட்ரையரால் குழாய்ப் பக்கத்திலிருந்து தாங்கியை நோக்கி மெதுவாகக் காட்டுங்கள். நெருப்பு காட்டக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பாவிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. வயர் இல்லாத மலிவான வெப்பமானி ஒன்றின் உணர்கருவியை அடிப்பக்கத்தில் மிகத் தாழ்ந்த பைப்புக்குப் பக்கத்தில் கட்டி, அதன் திரையைக் கட்டில் தலைமாட்டில் வையுங்கள். அது 4 பாகையைக் காட்டியதும் மின் ஹீட்டரை அணைத்துவிட்டு ஃபர்னஸை ஓடவிடுங்கள்.