எச்சரிக்கை: பென்சன் வரிக்காசு எடுத்துத் தாறம் எண்டு சொல்லுற இடங்கள்

இங்கிலாந்தில வேலை செய்யிற எங்கட ஆக்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கோ. 2,928 பவுண். எனக்கு வரவேண்டிய காசில வராமல் போனது அவ்வளவு. முந்தநாள்தான் மிச்சம் வங்கிக்கு வந்தது. ரெண்டு இரவா நித்திரை இல்லை, அந்தக் கோபத்திலதான் எழுதுறன்.

விசயம் இதுதான். நான் வேலையிடத்துப் பென்சனைத் தவிர, சொந்தமா ஒரு பென்சனுக்கு மாதம் 400 பவுண் கட்டுறன். பென்சன் கம்பனி வரித்துறையிட்ட 100 பவுண் வாங்கி அதில சேர்க்கும். வருசத்துக்கு 6,000. அந்த 100, மொத்தம் 500இல எல்லாருக்கும் கிடைக்கிற 20 வீதம். வருமானம் 50,270ஐத் தாண்டி 40 வீத வரி கட்டுற ஆளுக்கு இன்னொரு 20 வீதம் உண்டு. ஆனா அது தானா வராது, நாங்கள்தான் கேட்கவேணும். என்ர சம்பளம் 58,000க்கு மேல, அதால அந்த 6,000இல 20 வீதம், எனக்கு வருசம் 1,200 பவுண். சம்பளத்திலேயே வரி வெட்டுறதால நான் ஒருநாளும் வரிப் படிவம் நிரப்பினதில்லை. வேலையிடத்தில ஒருத்தர் கதைச்சுத்தான் 2024 ஒக்டோபரில எனக்கே தெரியவந்தது. வரி ஆண்டு முடிஞ்சு 4 வருசம்வரை பழசையும் கேட்கலாம். 2020-21இல இருந்து 2023-24 வரைக்கும் 4,800 பவுண் நிக்குது.

நவம்பரில மனுசிதான் ஒரு இடம் சொன்னா. மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில எங்கட ஆள் ஒருத்தர் நடத்துற கணக்கு அலுவலகம். ஏறிப் போனா சரஸ்வதி படம், முன்னால சாம்பிராணி. ஆள் எழும்பி வந்து கை குடுத்தார், "தம்பி எந்த ஊர்?" எண்டு கேட்டார். சொன்னன். "அட, என்ர அம்மா அங்கதான் படிப்பிச்சவ" எண்டார். இஞ்சித் தேத்தண்ணி வந்தது. பழைய கடித உறையைத் திருப்பி வச்சு 80, 20, பிறகு இன்னொரு 20 எண்டு எனக்கு விளங்குற மாதிரிக் கீறிக் காட்டினார். அந்த இடத்தில நான் முழுசா நம்பிட்டன். பீஸ் எவ்வளவு அண்ணை எண்டு கேட்டதுக்கு, "உங்களிட்ட என்ன பீஸ், நூறு நூற்றைம்பதுக்குள்ள பாப்பம்" எண்டார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில எல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. மஞ்சளைப் பார்த்துப் பார்த்துப் போட்டன், தாளை வாசிக்கேல்லை. அஞ்சாவது பக்கத்திலதான், வரித்துறை திருப்பித் தாற காசை அவையே வாங்கி, 40 வீதமும் வட் வரியும் கழிச்சுத் தரலாம் எண்டு இருந்தது.

டிசம்பர், ஜனவரி ஒரு சத்தமும் இல்லை. பெப்ரவரியில போன் எடுத்தன். "எல்லாம் அனுப்பியாச்சு தம்பி, வரித்துறைதான் இழுக்குது." மார்ச்சில வாட்சப் போட்டன். நீலக் கோடு ரெண்டும் விழுந்தது, பதில் இல்லை. நேர போனா வாசலில நிக்கிற பிள்ளை, "சேர் மீட்டிங்கில நிக்கிறார் அங்கிள்." மூண்டு தரம் அதே மீட்டிங். தேத்தண்ணியும் இல்லை, ஊர்க் கதையும் இல்லை.

கடைசியா நானே வரித்துறைக்கு எடுத்தன். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்ட பிறகு வந்த பெண் பொறுமையாப் பார்த்துச் சொன்னா, என்ர கடிதம் ஏப்ரல் 28தான் அவையிட்ட வந்து சேர்ந்ததாம். 2020-21க்குக் கடைசி நாள் 2025 ஏப்ரல் 5. இருபத்திமூண்டு நாளால 1,200 பவுண் போச்சு. நவம்பரில குடுத்த கடதாசி அது! அஞ்சு மாசம் எந்த லாச்சிக்குள்ள கிடந்ததோ.

மிச்ச மூண்டு வருசத்துக்கு 3,600 வந்தது, அவரிட்ட. அதில 40 வீதம் 1,440, வட் 288, மொத்தம் 1,728 கழிச்சு எனக்கு 1,872 போட்டிருக்கிறார். 1,200உம் 1,728உம் கூட்டிப் பாருங்கோ, 2,928. கேட்டதுக்கு, "நீங்கள் படிச்ச ஆள்தானே, கையெழுத்து வைக்க முதல் வாசிச்சிருக்கலாமே" எண்டார். தவறிப்போன வருசத்தைக் கேட்டா தபால் பிந்திட்டுதாம். என்ர பிள்ளையின்ர யூனிவர்சிட்டி அறை வாடகைக்கு எண்டு நான் மனசில ஒதுக்கி வச்சிருந்த காசு.

இன்னும் விரிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப முடியேல்லை. அவசரமா சிலது மட்டும் சொல்லுறன்.

இதுக்கு ஆள் தேவையில்லை. வரித்துறையின்ர இணையதளத்திலேயே ஒரு சதமும் இல்லாமல் கேட்கலாம். எவ்வளவு கட்டினீங்கள் எண்டு பென்சன் கம்பனி தாற அறிக்கையை எடுத்து வச்சிருங்கோ. வேலையிடத்தில வரிக்கு முதலே வெட்டுற பென்சன் எண்டா உங்களுக்கு முழுச் சலுகையும் ஏற்கெனவே கிடைச்சிட்டுது, திரும்பக் கேட்கவேண்டாம். பிழையாக் கேட்டா ஏஜெண்ட் இல்லை, நீங்கள்தான் திருப்பிக் கட்டவேணும். இந்த நாட்டில ஆர் வேணுமெண்டாலும் தன்னைக் கணக்காளர் எண்டு சொல்லலாம், பதிவு கேளுங்கோ. வரிக்காசை அப்படியே ஏஜெண்டுக்கு எழுதிக் குடுக்கிற தாள் 2023 மார்ச் 15இல இருந்து செல்லாது, ஆனா எனக்காக நீ வாங்கு எண்டு நியமிக்கிற தாள் இப்பவும் செல்லும். அதிலதான் என்னை விழுத்தினவை. அப்பிடித் தாளில ஏற்கெனவே கையெழுத்து வச்சிருந்தா, காசு போக முதல் வரித்துறைக்கு எழுதி நிப்பாட்டுங்கோ.

2021-22க்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 5, அதுக்குப் பிறகு அந்த வருசத்தைக் கேட்கேலாது. நாள் தவற முதல் இண்டைக்கே செய்யுங்கோ.