டான்யூப் வளைவில் ஒரு நாள்: சென்டென்ட்ரேயா, எஸ்தெர்கோமா, வாட்ஸா?

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் ஒரு நாளை நகருக்கு வெளியே கழிக்க எண்ணினால், விடுதிக்காரர்களும் வழிகாட்டி நூல்களும் அவர்களை வடக்கே அனுப்புவதுதான் வழக்கம். கிழக்கு நோக்கி ஓடிவரும் டான்யூப் ஆறு அங்கே மலைகளுக்கு நடுவே புகுந்து தெற்கே திரும்புகிறது. டான்யூப் வளைவு என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியில், வலக்கரையில் சென்டென்ட்ரேயும் எஸ்தெர்கோமும் இருக்கின்றன. இடக்கரையில் வாட்ஸ் இருக்கிறது. முதல் இரண்டு ஊர்களும் எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன. மூன்றாவதை இரயில் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பிராட்டிஸ்லாவா நோக்கிப் போய்விடுகிறவர்களே மிகுதி.

மூன்று ஊர்களிலும் மக்கள்தொகை முப்பதாயிரத்தை ஒட்டியே இருக்கிறது; எதற்கும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதை எந்த ஊருக்குக் கொடுப்பது என்பதே கேள்வி. என் சாய்வு வாட்ஸின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாய்வு எல்லாருக்கும் பொருந்தாது என்பதால், மற்ற இரண்டையும் நியாயமாக எடைபோட்ட பிறகே அதற்கு வர வேண்டும். (Vác என்று எழுதப்படும் இந்த ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து அதனை ‘வாக்’ என்று படிப்பவர்கள் உண்டு. ஹங்கேரிய மொழியில் அந்த எழுத்துக்கு ‘ட்ஸ்’ என்ற ஒலி. பயணச்சீட்டு கேட்கும்போது இது உதவும்.)

போக்குவரத்தில் மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சென்டென்ட்ரேக்குப் புடாபெஸ்டின் பட்யானி சதுக்கத்திலிருந்து எச்5 என்னும் புறநகர் இரயில் சுமார் 40 நிமிடத்தில் கொண்டுபோய்விடும். எஸ்தெர்கோமுக்கும் வாட்ஸுக்கும் செல்லும் இரயில்கள், ஐஃபெல் நிறுவனம் கட்டி 1877இல் திறக்கப்பட்ட நியுகாட்டி நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. எஸ்தெர்கோம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இறங்கிய பிறகும் நிலையம் ஊரின் தெற்கு ஓரத்தில் இருப்பதால், பெருங்கோவிலை அடைய ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடக்கவோ உள்ளூர்ப் பேருந்தைப் பிடிக்கவோ வேண்டும். வாட்ஸுக்கு விரைவு இரயிலில் 25 நிமிடம் போதும். நிலையத்திலிருந்து நேரே ஒரு தெருவில் பத்து நிமிடம் நடந்தால் ஊரின் மையச் சதுக்கம் வந்துவிடுகிறது. கோடையில் படகும் உண்டு. ஆனால் அது நீரோட்டத்தை எதிர்த்துப் போவதால், எஸ்தெர்கோம் வரை சாதாரணப் படகில் போக நினைப்பவர் அரை நாளை ஆற்றிலேயே செலவழித்துவிடுவார்.

வாட்ஸுக்குப் போகும் பாதைக்கே ஒரு வரலாறு இருக்கிறது. ஹங்கேரியின் முதல் நீராவி இரயில் பாதை 1846 ஜூலை 15 அன்று பெஸ்டுக்கும் (இன்றைய புடாபெஸ்டின் கிழக்குப் பகுதி) வாட்ஸுக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. முதல் வண்டி அந்த 33 கிலோமீட்டரை 49 நிமிடத்தில் கடந்தது. இன்றைய விரைவு வண்டி அதைப் பாதி நேரத்தில் கடந்துவிடுகிறது.

சென்டென்ட்ரேயின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1690இல், துருக்கியரிடம் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசின் படை பின்வாங்கியபோது, பழிவாங்கலுக்கு அஞ்சிய செர்பியக் குடும்பங்கள் தங்கள் சமயத் தலைவர் மூன்றாம் அர்செனியேவின் தலைமையில் வடக்கே வந்தன; அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே குடியமர்ந்தனர். சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பியவர்கள் முதலில் மரத்தால் தேவாலயங்கள் கட்டினர். திரும்ப முடியாது என்பது தெளிவான பிறகு, 18ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கல்லால் கட்டினர். வணிகத்தாலும் திராட்சைத் தோட்டங்களாலும் செழித்த அந்தச் சமூகம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூச்சித் தாக்குதல் கொடிகளை அழித்த பின்னர் நலிந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பலர் யூகோஸ்லாவியாவுக்குப் போய்விட்டனர். காலியான ஊருக்கு ஓவியர்கள் வந்தார்கள், ஓவியர்களைத் தேடிப் பயணிகள் வந்தார்கள், பயணிகளைத் தேடிக் கடைகள் வந்தன. இன்று மையச் சதுக்கத்தில், வணிகர்கள் 1763இல் நிறுவிய சிலுவையைச் சுற்றிப் பூவேலைப்பாட்டுத் துணிகளும் மிளகாய்த்தூள் பொட்டலங்களும் தொங்குகின்றன. காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இடையே சந்துகளில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். மார்கித் கோவாச்சின் சுடுமண் சிற்பங்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றுக்காகவே இங்கு வரலாம் என்பது என் கருத்து. ஊருக்கு வெளியே உள்ள திறந்தவெளி ஊரக அருங்காட்சியகம் இதைவிடப் பெரிது. ஹங்கேரியின் வெவ்வேறு வட்டாரங்களின் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதற்கே அரை நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே கெடும்.

எஸ்தெர்கோமின் கதை வேறு. ஹங்கேரியின் முதல் அரசரான இஸ்த்வான் பிறந்த ஊர் என்றும் முடிசூடிய ஊர் என்றும் மரபு சொல்கிறது. ஹங்கேரியக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயருக்கு இன்றும் இதுவே இருக்கை. குன்றின்மேல் 100 மீட்டர் உயரத்துக்கு எழும் பெருங்கோவில் நாட்டிலேயே மிகப் பெரிய தேவாலயம். 1822இல் தொடங்கிய கட்டுமானம் 1869இல்தான் முடிந்தது. இடையில் 1856இல் நடந்த அர்ப்பணிப்பு விழாவுக்காக இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் ஒரு திருப்பலி இசையை இயற்றித் தாமே நடத்தினார். அளவைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், உள்ளே தெற்குப் பக்கத்தில் இருக்கும் பகோட்ஸ் சிற்றாலயத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்புப் பளிங்கில் கட்டப்பட்ட அந்த மறுமலர்ச்சிக் காலச் சிற்றாலயம் துருக்கியர் ஆட்சியையும் தாங்கி நின்றது. புதிய கோவில் எழும்போது அதை ஏறத்தாழ 1,600 துண்டுகளாகப் பிரித்து, எண்ணிட்டு, இப்போதைய இடத்தில் மீண்டும் பொருத்தினார்கள்.

பெருங்கோவிலை முழுமையாகப் பார்க்க எதிர்க்கரைக்குப் போக வேண்டும், அந்த எதிர்க்கரை ஸ்லோவாக்கியா. நடுவில் உள்ள மரியா வலேரியா பாலத்தை 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடுப்பகுதியற்ற எச்சமாக நின்ற பாலம் 2001 அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அதன் மேல் நடந்து ஷ்டூரோவோ என்னும் அடுத்த நாட்டு ஊரில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம். இங்கே ஃபோரின்ட், அங்கே யூரோ. வழக்கமாகச் சோதனை இல்லை என்றாலும் கடவுச்சீட்டு பையில் இருக்கட்டும். எஸ்தெர்கோமின் குறை, குன்றிலிருந்து இறங்கிய பிறகு தெரியும். கோவில் ஊரை விழுங்கிவிட்டது. சுற்றுலாப் பேருந்துகள் குன்றின்மேல் ஆட்களை இறக்கி ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. கிளையாற்றின் கரையில் உள்ள அருமையான நடைபாதையைப் பலர் பார்ப்பதேயில்லை. தனியாக வருகிறவர் அங்கு நடக்கலாம், ஆனால் போக, வர மூன்று மணி நேரத்தைக் கணக்கில் கழித்துக்கொண்டுதான்.

இனி வாட்ஸ். 1731இல் ஊரையே எரித்த தீக்குப் பிறகு எழுந்த பரோக் வீடுகள் சூழ்ந்த முக்கோணச் சதுக்கத்தில் இருந்து தொடங்குவதே நல்லது. சதுக்கத்தின் நடுவே, இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே, இடைக்காலத் தேவாலயம் ஒன்றின் அடித்தளச் சுவர்கள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பார்கள், முதியவர்கள் நிழல் பெஞ்சுகளில் அமர்ந்திருப்பார்கள். கடைகளில் விற்பவை அங்கு வாழ்பவர்களுக்கு வேண்டிய பொருட்கள். சென்டென்ட்ரேயிலிருந்து நேரே இங்கு வருகிறவருக்கு இந்த வேறுபாடு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இந்தச் சதுக்கத்தில் உள்ள டொமினிக்கன் தேவாலயத்தில் 1994இல் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது, செங்கல் வைத்து மூடப்பட்டிருந்த ஒரு படிக்கட்டு வெளிப்பட்டது. அதன் வழியே இறங்கியவர்கள் நிலவறையில் கூரை வரை அடுக்கப்பட்ட சவப்பெட்டிகளைக் கண்டார்கள். 1731 முதல் 1838 வரை அங்கு அடக்கம் செய்யப்பட்ட 265 பேரின் உடல்கள் அவற்றில் இருந்தன. மாறாத குளிர்ச்சி, மெல்லிய காற்றோட்டம், பெட்டிகளின் அடியில் பரப்பியிருந்த மரச்சீவல் ஆகியவற்றால் பல உடல்கள் அழுகாமல் உலர்ந்துபோயிருந்தன. இறந்தோரின் பெயர்கள் பதிவாகியிருந்ததால், யார், எந்த வயதில், எந்தக் குடும்பம் என்பதை ஆய்வாளர்களால் பொருத்திப் பார்க்க முடிந்தது. காசநோய் ஊரில் எவ்வளவு பரவியிருந்தது என்பதும் இப்படித்தான் தெரியவந்தது. 1797இல் 28 வயதில் இறந்த தெரேசியா ஹவுஸ்மன், அவருடைய தாய், சகோதரி ஆகிய மூவர் உடலிலும் அந்நோயின் தடயம் இருந்தது. 2015இல் வெளியான மரபணு ஆய்வு, ஒரே உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட காசநோய்க் கிருமி வகைகள் இருந்ததைக் காட்டியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கிருமியை நேரடியாகப் படிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது.

உடல்களில் பெரும்பாலானவை புடாபெஸ்டின் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. சதுக்கத்தை ஒட்டிய பழைய நிலவறை ஒன்றில், சவப்பெட்டிகளும் ஆடைகளும் சில உடல்களும் ‘மெமெண்டோ மோரி’ (இலத்தீனில் ‘இறப்பை நினைவில் கொள்’) என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிகள்தான் என்னைப் பொறுத்தவரை இதன் மையம். ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டது. மலர்ச்சரம், மண்டையோடு, மணற்கடிகாரம், சிலுவை, அவற்றின் நடுவே ஜெர்மன், ஹங்கேரியம், இலத்தீன் மொழிகளில் பெயரும் மன்றாட்டும். கைக்குழந்தைகளுக்கான சிறு பெட்டிகளும் உண்டு. இளகிய மனமுள்ளவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது. எஸ்தெர்கோமின் நிலவறையில் பேராயர்கள் துயில்கிறார்கள். வாட்ஸின் நிலவறையில் சாதாரணக் குடிமக்கள் பலரும் இருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சதுக்கத்திலிருந்து சற்றுத் தெற்கே பேராலயம். 1777இல் முடிந்த இதனை இசிதோர் கனேவால் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். முகப்பின் ஆறு பெருந்தூண்களில், எஸ்தெர்கோம் கோவில் பின்னாளில் பேரளவில் செய்து காட்டிய செவ்வியல் பாணியை அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்க்கலாம். உள்ளே ஆஸ்திரிய ஓவியர் மௌல்பெர்ட்ச் தீட்டிய சுவரோவியங்கள். தலைமைப் பலிபீடத்தின் பின்னால் அவர் வரைந்த ஓவியம் பிடிக்காமல், ஆயர் மிகாட்சி அதைச் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார் என்றும், 20ஆம் நூற்றாண்டில்தான் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது என்றும் சொல்கிறார்கள்.

அதே ஆயர்தான், பேரரசி மரியா தெரேசா 1764இல் வருகை தந்தபோது ஊரின் வடக்கு முனையில் ஒரு வெற்றி வளைவையும் கட்டினார்; ஹங்கேரியில் இப்படிப்பட்ட வளைவு இது ஒன்றுதான். பேரரசியின் கண்ணில் ஏழைக் குடிசைகள் படாதிருக்க, தெருவோரம் அழகிய வீட்டு முகப்புகளைப் பலகையில் தீட்டி நிறுத்தினார் என்று ஊரார் இன்றும் கதை சொல்வதுண்டு. தலைவர்கள் வரும் வழியில் தட்டி கட்டி மறைக்கும் வழக்கம் நமக்கும் புதிதல்லவே. வளைவுக்கு அருகே நிற்கும் நீண்ட கட்டடம், அதே பேரரசியின் காலத்தில் பிரபுக்களின் பிள்ளைகளுக்கான கல்விக்கூடமாகத் தொடங்கியது. 1855 முதல் இன்று வரை அது சிறை.

உணவில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சென்டென்ட்ரேயில் விலை கூடுதல். சைவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: அவரை சூப் என்று எழுதியிருந்தாலும் அதில் புகையூட்டிய இறைச்சி இருப்பது வழக்கம், சிலர் மாவுப் பண்டங்களைப் பன்றிக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பொரித்த லாங்கோஷ், நம் பூரியின் தடித்த உறவினர்; மேலே புளித்த பாலாடையும் துருவிய பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவார்கள். கோடையில் குளிர்ந்த புளிச்செர்ரி சூப் கிடைத்தால் விடக்கூடாது.

ஆக, வாழ்நாளில் ஒருமுறைதான் ஹங்கேரி, அதில் ஒரு பெரும் காட்சி வேண்டும் என்பவர் எஸ்தெர்கோமுக்குப் போகட்டும். சிறு குழந்தைகளோடு வருபவருக்கும், பரிசுப் பொருள் வாங்க வேண்டியவருக்கும் சென்டென்ட்ரே பொருந்தும். நடந்து, உட்கார்ந்து, ஒரு ஊரை அதன் அன்றாட வேகத்திலேயே பார்க்க விரும்புபவருக்கு வாட்ஸ்தான். திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்று விடுமுறை, நிலவறைக் காட்சி இல்லாத வாட்ஸை நானே அவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்ந்தெடுக்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காலை முழுவதும் வாட்ஸில் கழித்துவிட்டு, பிற்பகலில் ஆற்றங்கரையில் வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் மிதவைப் படகில் ஏறினால், எதிரே உள்ள சென்டென்ட்ரே தீவில் இறங்கலாம். அங்கிருந்து ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற டஹிடோட்ஃபாலு கிராமத்தைக் கடந்து, தீவின் மறுபக்கப் பாலத்தின் வழியே வலக்கரைக்குப் போகலாம். மிதிவண்டி இருந்தால் இது இன்னும் எளிது, இல்லாதவர்கள் பேருந்து நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். சென்டென்ட்ரேயை அடையும்போது மணி ஐந்தைத் தாண்டியிருக்கும். சுற்றுலாப் பேருந்துகள் போயிருக்கும், சதுக்கத்தில் நடக்க இடமிருக்கும், புடாபெஸ்டுக்குத் திரும்ப எச்5 இரயில் இரவு வரை ஓடிக்கொண்டிருக்கும்.