மலாக்காவா, பினாங்கா: இரண்டு இரவுகளுக்கு எந்த ஊர்?

கோலாலம்பூரில் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து புறப்பட்டு, ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பியாக வேண்டிய கணவன் மனைவிக்கு, பழம்பெரும் ஊர் என்றதும் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டுதான்: தெற்கே மலாக்கா, வடக்கே பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரிக்காமல், மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்று ஒரே பதிவாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றொன்றைப் பார்த்ததற்குச் சமம் என்று நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்ததற்கு அந்த ஒரே பதிவும் ஒரு காரணம். இரண்டு ஊர்களுக்கும் பலமுறை போய்வந்த பிறகு, அந்த எண்ணம் முழுத் தவறு என்றே சொல்வேன்.

முதலில் நேரக் கணக்கு. மலாக்கா கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரலில் இறங்கலாம். சொந்தக் காரில் போகிறவர்கள் வெள்ளி மாலையில் ஆயர் குரோ சுங்கச்சாவடியில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பினாங்கு 350 கிலோமீட்டருக்குக் குறையாது. காரில் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். ஈடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயிலில் பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரத்துக்கு மேலாகும், அதன்பிறகு ஃபெர்ரியில் கடலைக் கடக்க வேண்டும். விமானம் பறப்பது ஒரு மணி நேரம்தான் என்றாலும், வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல்வரை கணக்கிட்டால் அதுவும் நான்கு மணி நேரத்தை நெருங்கிவிடும். ஆக, இரண்டு நாள் விடுமுறையில் பினாங்குப் பயணம் போகவர எட்டு முதல் பத்து மணி நேரத்தை விழுங்குகிறது. மலாக்காவுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

பார்க்க வேண்டிய பரப்பும் இந்தக் கணக்கையே உறுதிப்படுத்துகிறது. பதிவுபெற்ற மையப்பகுதி மலாக்காவில் சுமார் 45 ஹெக்டேர், ஜார்ஜ் டவுனில் சுமார் 109 ஹெக்டேர். மலாக்காவின் பழைய நகரத்தை, வெயில் ஏறும் முன் தொடங்கினால், ஒரு முற்பகலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து முடித்துவிடலாம். ஜார்ஜ் டவுனில் ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் பார்க்காத தெருக்கள் மீதமிருக்கும். பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்கும் கெக் லோக் சி பௌத்தக் கோயிலுக்கும் போகலாம் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் மறுநாளும் போய்விடும். வார இறுதியில் கொடிமலை ரயிலுக்கு நிற்கும் வரிசையை ஒருமுறை பார்த்தவர்கள் இரண்டு நாள் பயணத்தில் அதைச் சேர்க்கமாட்டார்கள்.

நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கலாமென்றால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இரண்டு ஊர்களும் தம் வரலாற்றை வைத்திருக்கும் விதம் அடிப்படையிலேயே வேறு. மலாக்காவில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேஸ்வரன் நிறுவிய துறைமுக அரசை 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்தனர். 1641இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து பறித்தனர். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் முந்தையவர்கள் கட்டியதை இடித்தோ மாற்றியோ தமதாக்கிக்கொண்டதால், இன்று கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. சுல்தானின் அரண்மனை என்று காட்டப்படுவது 1980களில் மரத்தால் கட்டிய மாதிரி வடிவம். போர்த்துக்கீசியர் கட்டிய ஃபமோசா கோட்டையில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாயில். மற்றவற்றை இடித்துத் தள்ளியவர்கள் ஆங்கிலேயர்கள்.

ஆகவே மலாக்காவில் கண்ணைவிடக் கற்பனைக்குத்தான் வேலை அதிகம். இதற்கு மிகச் சிறந்த இடம், சுற்றுலாப் பேருந்துகள் சூழ நிற்கும் சிவப்பு நிறச் சதுக்கம் அன்று. அதன் பின்னாலுள்ள குன்றின் மீது கூரையிழந்து நிற்கும் செயின்ட் பால் தேவாலயம். 1521இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய அந்தச் சிற்றாலயத்தில், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படும் முன் பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553இல் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. டச்சுக்காரர்கள் 1753இல் கீழே தங்களுக்கென்று கிறைஸ்ட் சர்ச்சைக் கட்டி முடித்தபின், மேலே இருந்த தேவாலயத்தை இடுகாடாகப் பயன்படுத்தினார்கள். ஆளுயரக் கல்லறைக் கற்கள் இன்றும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. நான் அவற்றின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "ஊரைப் பார்க்க வந்தாயா, கல்லறை படிக்க வந்தாயா?" என்று கணவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அவரைப் போன்றவர்களுக்கு மலாக்கா சீக்கிரம் சலித்துவிடும்.

ஜார்ஜ் டவுனில் வரலாறு அடுக்காக இல்லாமல் தெருத்தெருவாக, அருகருகே கிடக்கிறது. 1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியபின் போடப்பட்ட முதல் தெருக்களுள் சூலியா தெருவும் ஒன்று; கடல்வழி வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர் அது. பழைய பிட் தெருவில் நடந்தால், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தேவதை கோயில், 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் சில நிமிட நடையில் வந்துவிடுகின்றன. பக்கத்துக் குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. இவற்றில் எதற்கும் விளக்கம் தேவையில்லை. உள்ளே மக்கள் வழிபட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகள் இத்தனை எண்ணிக்கையில் பிழைத்திருப்பதற்கு யாருடைய அழகுணர்ச்சியும் காரணமன்று. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால், இடித்துக் கட்டுவதில் உரிமையாளர்களுக்கு ஆதாயம் இருக்கவில்லை. 2000இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேற, அவர்கள் இருந்த வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. நாம் ஆசையோடு பதிவு செய்யும் முற்றம் வைத்த அறை, ஒரு குடும்பம் காலி செய்த அறையாக இருக்கக்கூடும் என்பது எனக்கு அங்கே தங்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

தமிழர்களான எங்களுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு தராசும் உண்டு. பினாங்கில் மார்க்கெட் தெருவில் நின்றால் காதில் விழுவது தமிழ். பூக்கட்டும் கடையும் பாட்டுச் சத்தமும் பினாங்குத் தெருவின் செட்டியார் கிட்டங்கியும் நமக்குப் பழகிய உலகம். மலாக்காவில் தமிழின் கதை வேறு மாதிரி. போர்த்துக்கீசியர் வருமுன்பே அங்கே வணிகம் செய்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்த தமிழர்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். காஜா பெராங்கிலுள்ள அவர்களின் குடியிருப்பில் சைவ வழிபாடு தொடர்கிறது. பொங்கலுக்கு முன் முன்னோர்களுக்குப் படையலிடும் வழக்கமும் தொடர்கிறது. ஆனால் வீட்டுமொழி மலாய், பெண்களின் மரபுடை சாரோங் கெபாயா. அந்தச் சமூகத்துக்கு டச்சு ஆட்சி அளித்த நிலத்தில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கிறது. அதே தெருவில் 1748ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசல், குவிமாடமே இல்லாமல் மூன்றடுக்குக் கூரையோடும் புத்தர் கோபுரம் போன்ற மினாராவோடும் நிற்கிறது. மொழி போய்விட்டது, தெய்வம் போகவில்லை என்பதை நேரில் பார்ப்பது பினாங்கில் கிடைக்காத அனுபவம். இரண்டு ஊர்ப் பள்ளிவாசல்களின் பெயரிலும் 'கிளிங்' இருப்பது கவனிக்கத்தக்கது; கலிங்கத்திலிருந்து பிறந்து ஒருகாலத்தில் தென்னிந்திய வணிகரை மரியாதையாகவே குறித்த அச்சொல், இன்று இந்நாட்டில் வசையாகிவிட்டது.

சாப்பாட்டில் பினாங்குக்குத்தான் வெற்றி. இதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. நாசி கண்டார், அசாம் லக்சா, சார் குவே தியாவ், பசெம்போர் என்று அங்காடிக் கடைகளிலேயே மூன்று வேளையும் கழிந்துவிடும், செலவும் கையைக் கடிக்காது. மலாக்காவின் கோழிச்சோற்று உருண்டைக்கு வெயிலில் வரிசையில் நிற்பது, என் கணிப்பில், உருண்டைக்குத் தரும் அளவுகடந்த மரியாதை. அங்கே சாப்பிட வேண்டியவை அசாம் பெடாஸ் மீன் குழம்பும், கூலா மலாக்கா என்னும் பனைவெல்லப் பாகு தாராளமாக ஊற்றிய செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பும்தான்.

மாலை நேரத்தில் நிலைமை தலைகீழாகிறது. பினாங்கில் இருட்டியபின் கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடி வழியாக நிதானமாக நடக்கலாம். ச்சியூ படகுத்துறையின் பலகைப் பாதையில் கடல் காற்று வாங்கலாம். மலாக்காவில் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜோங்கர் தெரு இரவுச் சந்தையாகிவிடும். கைகோத்து நடக்க நினைக்கும் தம்பதிகள் அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். போதாக்குறைக்குப் பொம்மைகளும் மின்விளக்குகளும் ஒலிபெருக்கியும் பூட்டிய ரிக்‌ஷாக்கள். அந்த இரைச்சலுக்குத் தப்பி ஆற்றுப் படகில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதே மலாக்கா மாலையின் சிறந்த பகுதி.

எனவே நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. திங்கட்கிழமையும் விடுமுறையாக அமைந்தால் மட்டுமே பினாங்கு. வெறும் இரண்டு இரவுகளுக்கு அங்கே போய்வருவது, பந்தியில் உட்கார்ந்து முதல் பரிமாறலோடு எழுந்துவிடுவது போன்றது. மற்ற வார இறுதிகளுக்கு மலாக்கா, அதுவும் சில நிபந்தனைகளோடு: வெள்ளி இரவே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், விடுதி ஜோங்கர் தெருவுக்குச் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும், சனி மாலையைச் சந்தைக்கு வந்தவர்களுக்கே விட்டுவிட வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முந்தைய இரவின் குப்பையைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள், கடைகள் எதுவும் திறந்திருக்காது. துக்காங் எமாஸ் தெருவில் விநாயகர் கோயில் மணிச்சத்தமும், சற்றுத் தள்ளியுள்ள செங் ஹூன் தெங் கோயிலின் ஊதுவத்தி மணமும் இருக்கும். எனக்காகக் கணவர் பள்ளிவாசல் சுவரோரம் நின்று காத்திருப்பார், அசாம் பெடாஸ் கடை எப்போது திறக்கும் என்று கேட்டபடி.