தோள்மூட்டு கழன்ற பிறகு பயிற்சியா, அறுவையா? எங்கள் வீட்டு இரண்டு தோள்கள்

எங்கள் வீட்டில் இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பேருக்குத் தோள்மூட்டு கழன்றது. முதலில் எனக்கு, 48 வயதில். மழை ஈரத்தில் ஸ்கூட்டி வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். பிறகு மகனுக்கு, 19 வயதில், கபடி ஆடும்போது. எனக்கு ஸ்லிங்கும் (கையைக் கழுத்தோடு தாங்கும் தொங்கு கட்டு) பிசியோ பயிற்சியும் போதுமாக இருந்தன. அவனுக்குக் கடைசியில் அறுவை செய்தோம். அவனோடு ஆடும் பையன்களின் அம்மாக்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எது நல்லது என்று கேட்கிறார்கள். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருபதை ஒட்டிய வயது, உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் என்றால் நான் அறுவையின் பக்கம். என் வயதுக்காரர் என்றால் பயிற்சியின் பக்கம்.

அதற்கு முன் அந்த முதல் ஒரு மணி நேரம். அதில் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. மைதானத்தில் அவன் கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "ரெண்டு பேர் பிடிங்கடா, நான் இழுத்து உட்கார வைக்கிறேன்" என்று வந்தாராம். அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுக்கும் முறை அது. பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் உலகம் முழுக்க அறியப்பட்ட பழைய முறைதான், அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் மேல்கை எலும்பின் கழுத்தை ஒட்டி ஒரு நரம்பு சுற்றிப் போகிறது. எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரியாமல் இழுத்தால் உடைந்த துண்டு நகர்ந்துவிடலாம், நரம்பும் ரத்தக்குழாயும் அடிபடலாம். அவன் அணியின் கேப்டன் பையன் யாரையும் தொட விடவில்லை. கை எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினான். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினான். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அந்தப் பையனுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் செய்தது, மேல்கையின் வெளிப்பக்கம் பஞ்சால் தடவி "தெரியுதாப்பா?" என்று கேட்டது. நான் சொன்ன அந்த நரம்பு உணர்ச்சி கொடுக்கும் இடம் அது. பிறகு விரல்களை அசைக்கச் சொன்னார், நாடி பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், அதற்குப் பின்தான் மருந்து கொடுத்து மூட்டை உள்ளே ஏற்றினார். ஏற்றிய பின் மறுபடி ஒரு எக்ஸ்ரே, மறுபடி பஞ்சு. என் விஷயத்தில் இன்னும் மெதுவாக நடந்தது. குப்புறப் படுக்க வைத்து, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, மணிக்கட்டில் எடை கட்டினார்கள். தசை தளரத் தளர மூட்டு தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. எந்த முறையில் ஏற்றுகிறார்கள் என்பது அவர்கள் பாடு. முன்னும் பின்னும் படம் எடுக்கிறார்களா, உணர்ச்சி பார்க்கிறார்களா என்பதை மட்டும் நாம் கவனித்தால் போதும். முழங்கால், இடுப்பு, முழங்கை மூட்டு கழன்றால் இன்னும் அவசரம். முழங்காலில் பின்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அடிபட்டிருந்தால் காலே போகும் அபாயம் உண்டு.

இனி ஒப்பீடு.

செலவில் பயிற்சிதான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. அறுவைக்கு எங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. கிழிந்த சவ்வை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் ஆங்க்கர் என்ற சிறு ஆணிகளுக்குத் தனிக் கணக்கு, எத்தனை போடுவார்கள் என்பது உள்ளே பார்த்த பிறகுதான் முடிவாகும். வலியும் பயிற்சியில்தான் குறைவு. தழும்பு பெரிய விஷயமில்லை, துளைவழி அறுவையில் சிறு சிறு புள்ளிகள்தான். காலத்தைப் பொறுத்தவரை, பயிற்சி வழியில் மூன்று வாரம் ஸ்லிங், பிறகு மூன்று மாதம் உழைப்பு. அறுவை வழியில் ஸ்லிங் மட்டுமே நான்கு முதல் ஆறு வாரம், மைதானத்துக்குத் திரும்ப ஆறு மாதமாவது ஆகும். இவற்றை மட்டும் பார்த்தால் யாரும் அறுவையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நாங்களும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் முறை மருத்துவர் இரண்டையும் சொல்லி யோசிக்கச் சொன்னபோது, "எனக்குப் பயிற்சியிலேயே சரியாச்சே" என்று நான்தான் முடிவு செய்தேன்.

அந்த முடிவில் நான் விட்ட பிழை, என் தோளையும் அவன் தோளையும் ஒன்றாக நினைத்தது.

தோள்மூட்டின் கிண்ணம் ரொம்ப ஆழமில்லாதது. மேல்கை எலும்பின் உருண்டையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது முழுதாகத் தாங்குவதில்லை. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் பெரிய மூட்டுகளிலேயே அதிகம் கழல்வதும் இதுதான். தண்ணீர்க் குடம் தலையில் நிற்கச் சும்மாடு வைப்போமே, அதுபோலக் கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளையம் இருக்கிறது. உருண்டை முன்பக்கமாக நழுவும்போது இளம் வயதில் பெரும்பாலும் அந்தச் சும்மாடே எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. பாங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவை நிபுணர் 1923இல் இதைத்தான் மூட்டு திரும்பத் திரும்பக் கழல்வதற்குக் காரணம் என்று எழுதினார். இன்றும் அந்தக் கிழிசலுக்கு அவர் பெயர்தான். ஸ்லிங் போட்டால் வலி போகும், தசை தேறும், ஆனால் பிய்ந்த சும்மாடு பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. வயதானவர்களுக்குச் சவ்வு இறுகிப்போயிருப்பதால் மறுபடி கழல்வது குறைவு. அவர்களுக்கு வரும் தொல்லை வேறு: கையைத் தூக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். மூட்டு ஏறிய பிறகும் கையை உயர்த்த முடியாவிட்டால் அதைத்தான் தேடுவார்கள். எனக்கும் ஸ்கேன் பார்த்தார்கள், கிழிசல் இல்லை.

எண்ணில் சொன்னால் இன்னும் புரியும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 15 முதல் 35 வயது வரை முதல் முறை தோள் கழன்ற 252 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூட்டு மறுபடி நிலையிழந்தது. ஐந்தாம் வருடத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது. நாற்பதைத் தாண்டியவர்களில் மறுபடி கழல்வது அதைவிட மிகக் குறைவு. நான் ஒரு கூட்டத்தில், அவன் வேறொரு கூட்டத்தில்.

அவனுக்கு ஆறாம் மாதம் மறுபடி கழன்றது. கபடியில் இல்லை. டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான், டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார், அவ்வளவுதான். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்த பையன். போனில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, மறுபடியும்."

அதன் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் சி.டி.யையும் திரையில் வைத்து மருத்துவர் காட்டியதுதான் என் மனதை மாற்றியது. ஒவ்வொரு முறை நழுவும்போதும் உருண்டையின் பின்பக்கம் கிண்ணத்தின் விளிம்பில் மோதிக் குழி விழுகிறது. கிண்ணத்தின் முன்விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தேய்மானம் குறைவாக இருக்கும்வரை சும்மாட்டைத் திரும்பப் பிடித்துவைத்தால் போதும். விளிம்பில் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு எலும்பு போய்விட்டால் அது மட்டும் நிற்காது. தோள்பட்டை எலும்பின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையை வெட்டி எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் திருகாணியால் பொருத்துவார்கள். லாத்தார்ஷே என்ற பிரெஞ்சு நிபுணர் 1954இல் விவரித்த அறுவை அது. நல்ல பலன் தருவதுதான், ஆனால் பெரிய வேலை. "இப்ப சின்னதா முடியும். இன்னும் நாலு தடவை கழன்ற பிறகு வந்தீங்கன்னா எலும்பை வெட்டி வைக்கணும்மா" என்றார்.

செலவு என்று நான் முதலில் கணக்குப் போட்டது ஆஸ்பத்திரி பில்லை. காத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு, அது எலும்பில் கழிகிறது, திரும்பி வராது. பயிற்சியில் தொடங்கிப் பிறகு தேவையானால் அறுவை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இடையில் எத்தனை முறை கழலும் என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஒவ்வொரு முறையும் மூட்டு ஏறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் வீட்டில் நினைக்கிறோம். கட்டுப் போட்டு அனுப்பும் இடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளே விளிம்பு தேய்வது படத்தில் மட்டும்தான் தெரியும்.

எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது சரியில்லை. ஸ்வீடனில் அறுவை இல்லாமல் விட்ட தோள்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 12 முதல் 25 வயதுக்குள் முதல் முறை கழன்றவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்கு மறுபடி கழலவே இல்லை, அல்லது காலப்போக்கில் தானாக நிலைத்துவிட்டது. எல்லா இளம் தோளையும் கத்திக்குக் கொடுத்தால் அந்தப் பாதிப் பேருக்குத் தேவையில்லாத அறுவை நடக்கும். அதனால்தான் ஆட்டத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் 22 வயதுப் பெண்ணுக்குக் காத்திருந்து பார்க்கலாம் என்றே நானும் சொல்வேன். இயல்பிலேயே எல்லா மூட்டும் தளர்வாக இருப்பவர்களுக்கும், அடிபடாமலே தோள் நழுவுகிறவர்களுக்கும் பயிற்சிதான் முதல் வழி. கபடி, குஸ்தி, கைப்பந்து என்று மோதியோ கையைத் தூக்கி அடித்தோ ஆடும் பிள்ளைகளுக்கு என் பதில் வேறு.

அறுவை செய்தாலும் மறுபடி கழல்வதுண்டு, அதுவும் இள வயது ஆட்டக்காரர்களுக்குத்தான் அதிகம். கையை வெளிப்பக்கம் திருப்பும் வீச்சு சற்றுக் குறையலாம். என் மகனுக்குக் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது, ரெய்டு போகும்போது தெரிகிறது என்கிறான். அறுவை முடிந்து 14 மாதம் ஆகிறது, மைதானத்துக்குத் திரும்பி ஏழு மாதம். இதுவரை கழலவில்லை. 14 மாதம் பெரிய காலம் இல்லை என்பது எனக்கும் தெரியும். என் தோள் நான்காவது வருடத்தில் இருக்கிறது, ஒரு தடவைகூட நழுவவில்லை.

அறுவைக்குப் பிந்தைய பயிற்சியை விட்டுவிட எண்ணமிருந்தால் அறுவையே வேண்டாம். முதல் ஆறு வாரம் கையைச் சுழற்றக் கூடாது என்றால் கூடாதுதான். அவன் சட்டை போடுவதற்கும் சாதம் பிசைவதற்கும் நான் கூடவே இருந்தேன். விடுதியில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு லீவு பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், மூட்டை ஏற்றுவதற்கு முன் எடுத்த அந்த முதல் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஏற்றிய பின் எடுத்ததை மட்டும்தான் எங்களிடம் கொடுத்தார்கள். எத்தனை முறை, எந்தப் பக்கமாகக் கழன்றது, யார் ஏற்றினார்கள் என்று இரண்டாவது மருத்துவர் கேட்டபோது முதல் படம் கையில் இல்லாமல் நான் திரும்பவும் அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் அலைந்தேன்.