மிஷனரி ஆயத்த வகுப்பு: சேரலாமா, வேண்டாமா?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை சாயந்திரங்களில் தமிழில் நடக்கிற வகுப்பு இது. கட்டணம் 60 வெள்ளி, டீயும் கறி பஃப்பும் அதிலேயே அடக்கம். மிஷனரி ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கலாமா என்று மனசுக்குள் போராடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் நர்ஸ். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பாட்டு உச்சத்தில் இருந்தபோது, ஊழியத்துக்குப் போகிறேன் என்று கை தூக்கியவர்களில் ஒருத்தி. அன்றைக்கு மனசில் வந்த ஊழிய பாரம் கர்த்தர் தந்ததா, கீபோர்டு தந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன்.

முதல் நாளே ஒரு படிவத்தை நீட்டிவிடுகிறார்கள். ஏசாயா, எரேமியாவைக் கர்த்தர் அழைத்த கதையெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி: கடன் எவ்வளவு? அடுத்தது: அப்பா அம்மாவை யார் பார்ப்பார்கள், அவர்களிடம் பேசியாயிற்றா? எச்டிபி வீட்டுக் கடனும் அம்மாவும் என் பொறுப்பில். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதவே எனக்கு டீ நேரம் வந்துவிட்டது. சாட்சிக் கடிதம் இரண்டு கேட்கிறார்கள்: ஒன்று பாஸ்டரிடம், இன்னொன்று வேலையிடத்தில் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரிடம். என் வார்டில் கூட வேலை பார்க்கும் மலாய்த் தோழி எழுதிக் கொடுத்தாள்: “கோபக்காரி. ஆனால் நோயாளியிடம் காட்டமாட்டாள்.” பாஸ்டர் ஐயா எழுதிய ஒரு பக்கத்தைவிட அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்டார்கள்.

பாடங்களில் சரித்திரம் நன்றாக இருந்தது. மிஷனரி என்றாலே வெள்ளைக்காரர் என்று நினைக்கிற நமக்கு, 1903லேயே திருநெல்வேலிக்காரர்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, மொழி தெரியாத தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல்லுக்கு, ஆள் அனுப்பினதைச் சொல்ல வேண்டியதுதான். அதற்கு முன்னின்ற வேதநாயகம் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையும் உண்டு. பெண் டாக்டர் இல்லாமல் ஒரே ராத்திரியில் மூன்று பிரசவப் பெண்கள் இறந்ததையும், அதுவே அவருக்கு அழைப்பானதையும் சொல்லி எல்லாரையும் அழவைப்பது நம் மேடைகளில் வழக்கம். இங்கே அதற்கடுத்ததைச் சொன்னார்கள். அந்தம்மா அமெரிக்கா போய்ப் படித்து, 1899ல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான் வேலூரில் வேலையைத் தொடங்கினார். அழைப்பு வந்தவர் உட்கார்ந்து உடற்கூறு படித்திருக்கிறார்! வார்டில் வேலை பார்க்கிற எனக்கு அது பெரிய ஆறுதல்.

வகுப்பின் உயிர், வட தாய்லாந்தில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா. தாய்லாந்து மொழியில் ஐந்து தொனி. ஆரம்பத்தில் சந்தையில் காய்கறிக்காரியிடம் சிரிப்பு வாங்கினதுதான் மிச்சமாம். “எத்தனை ஆத்துமா ஆதாயம் அக்கா?” என்று, எத்தனை பேர் கிறிஸ்துவிடம் வந்தார்கள் என்ற அர்த்தத்தில், ஒரு தம்பி கேட்டார். “முதல்ல அந்தக் காய்கறிக்காரிக்கு என் பேர் தெரியட்டும்னு ஜெபிச்சேன்ப்பா” என்றார். கீபோர்டு இல்லாத அந்த அறையில் என் பாரம் குறையவில்லை, கூடினது.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கில ஸ்லைடை அப்படியே தமிழாக்கிய தாள்கள் வாயில் நுழையவில்லை, ஜெராக்ஸ் வேறு மங்கல். விசா, மருத்துவக் காப்பீடு, திரும்பி வந்தால் வேலை போன்ற நடைமுறை விஷயங்களை ஒரே வகுப்பில் ஓட்டிவிட்டார்கள். கல்யாணமாகாத பெண்கள் தனியாகப் போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாதிப் பேர் நாங்கள்தான் இருந்தும்! மத நல்லிணக்கச் சட்டம் பற்றி மட்டும் தெளிவாகச் சொன்னார்கள். வார்டில் நோயாளியிடம் பிரசங்கம் கூடாது என்பதையும் வளைக்காமல் சொன்னார்கள்.

கடைசி நேர்காணலில் எனக்குக் கிடைத்த பதில்: கடனைக் குறையுங்கள், அம்மாவுக்கு ஏற்பாடு செய்யுங்கள், அதுவரை வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிக் குழுவோடு போங்கள். ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறேன். என் கூடப்பிறந்த தம்பியிடம் அம்மாவைப் பற்றிப் பேசியும் விட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சேருகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், ஏர்கானைக் குறைக்கச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.