நான்காம் வருடத்தில் போன் பேட்டரி: சதவீதத்தைவிடச் சூடுதான் முக்கியம்

2021 கடைசியில் நானும் தம்பியும் ஒரே மாடல் போனை வாங்கினோம். நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, 5000 எம்ஏஎச் பேட்டரி, 25 வாட் சார்ஜிங். நான்காம் வருடத்திலும் என் போன் காலையில் எடுத்தால் இரவு வரை தாங்குகிறது. தம்பி போனோ மூன்றாம் வருடம் முடிவதற்குள்ளேயே மதியமானால் சார்ஜர் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அக்யூபேட்டரி ஆப்பை இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்சாரத்தை வைத்து, பேட்டரி இப்போது எவ்வளவு கொள்ளும் என்று அது கணக்கிடும். ஒரே ஒரு சார்ஜில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், ஏறி இறங்கும்; பல நாள் சராசரிதான் உருப்படியானது. என்னுடையது 86 சதவீதம் பக்கம் நின்றது. தம்பியுடையது 70-ஐ ஒட்டி.

அவன் விற்பனைப் பிரதிநிதி. திருச்சி வெயிலில் பைக் ஹோல்டரில் போன், திரையில் மேப், கூடவே வண்டியின் யூஎஸ்பியிலிருந்து சார்ஜ். என்னைவிட அதிகம் சார்ஜ் செய்கிறான், அதனால் சைக்கிளும் அதிகம். சைக்கிள் என்றால் சார்ஜரைச் செருகிய எண்ணிக்கை அல்ல. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்துக்குச் சைக்கிள் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சித்திரை, வைகாசியில் அவன் போன் 'சூடாகிவிட்டது' என்று சொல்லி சார்ஜையே நிறுத்திவிடும். அந்தச் சூட்டிலும் பேட்டரியில் சார்ஜ் எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும்.

சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு அட்டவணை உண்டு. லித்தியம் அயன் பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் மிஞ்சும் கொள்ளளவு அது. 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும்; முழுச் சார்ஜோடு வைத்தால் 80. 40 டிகிரியில் அதுவே 85, 65 என்று இறங்குகிறது. 40 டிகிரி நம் ஊரில் மே மாத மதியம், அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேதியியல்: எலக்ட்ரோலைட் திரவம் கிராஃபைட் முனையில் வினைபுரிந்து ஒரு படலமாகப் படிகிறது, அதில் கொஞ்சம் கொஞ்சமாக லித்தியம் மாட்டிக்கொள்கிறது. சூடு ஏற ஏற இந்த வினை வேகமாகும். முழுச் சார்ஜில் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொடும், பல புதிய போன்களில் அதையும் தாண்டும். அந்த அழுத்தம் மறுமுனைக்கும் நல்லதல்ல.

அதனால் என் பழக்கம் பெரும்பாலும் சூட்டைச் சுற்றித்தான். சார்ஜ் போடும்போது தடித்த கவரைக் கழற்றிவிடுவேன். தலையணைக்கு அடியில், மெத்தை மேல் வைப்பதில்லை. நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் வைத்து சார்ஜ் போடும் வழக்கம் ஒன்று உண்டு. பக்கத்தில் பிளக் இருக்கும், அதுதான் வசதி. பல ஃபிரிட்ஜ்களில் உள்ளிருந்து எடுத்த சூடு பக்கவாட்டுத் தகடு வழியாகத்தான் வெளியே போகிறது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். அங்கிருந்து போனை இறக்கி மேசைக்கு மாற்றினேன். வீட்டில் கேலி செய்தார்கள், சரி, போகட்டும்.

20-க்குக் கீழே போகாதே, 80-க்கு மேலே ஏற்றாதே என்ற விதியையும் கொஞ்ச காலம் கறாராகக் கடைப்பிடித்தேன். பலன் இல்லாமல் இல்லை, ஆனால் அலாரம் வைத்து ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவது மனுஷ வேலை அல்ல. போனே பார்த்துக்கொள்ளட்டும். என் போனில் 85 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங் இருக்கிறது. ஐபோனில் 2023-இல் வந்த 15 வரிசையிலிருந்து 80 சதவீத வரம்பு உண்டு. வெளியூர்ப் பயணத்துக்கு முன்னும், ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து எப்போது கரண்ட் போகும் என்று தெரியாத நாட்களிலும் வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்வேன். எப்போதாவது 100 தொடுவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நாள் முழுக்க 100-லேயே, அதுவும் சூட்டோடு நிற்பதுதான் கெடுதல்.

ஃபாஸ்ட் சார்ஜிங் பயம் கொஞ்சம் மிகையானது. போன் முழு வேகத்தில் வாங்குவது ஆரம்பத்தில்தான்; பாதியைத் தாண்டியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டே வரும். ஃபேன் காற்றில், கவர் இல்லாமல் ஃபாஸ்ட் சார்ஜ் போடுவது, கேம் ஆடிக்கொண்டே மெதுவான சார்ஜரில் போடுவதைவிட மேல் என்பது என் அபிப்பிராயம். புது போனை முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. முழுக்க வற்றவிட்டு ஏற்றுவதும் அப்படித்தான். சதவீதக் காட்டி தாறுமாறாகக் குதித்தால் அதைச் சரிசெய்ய எப்போதாவது செய்யலாம், பேட்டரிக்கு அதனால் ஆரோக்கியம் கூடாது.

தம்பி பேட்டரியை மாற்றினான். முதலில் போன கடையில் போட்ட பேட்டரியின் லேபிளில் 5000 என்றுதான் இருந்தது. ஆப் 4000-ஐக்கூடக் காட்டவில்லை. அப்புறம் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் கூடுதலாகக் கொடுத்து மாற்றிய பிறகுதான் சரியாக நின்றது. இப்போது மேப்பைக் காதில் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறான், போன் பையில்.

அடுத்த போன் வாங்கும்போது இன்னொன்றும் பார்க்கப்போகிறேன். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய மாடல் போன்களின் பேட்டரி, 800 சைக்கிளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதம் கொள்ள வேண்டும். எத்தனை சைக்கிள் தாங்கும் என்று லேபிளிலேயே போட வேண்டும். அந்த விவரத்தை இங்கிருந்தும் இணையத்தில் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: சில மாடல்களில் அங்கே விற்கும் பேட்டரியும் இந்தியாவில் விற்கும் பேட்டரியும் வேறு வேறு அளவு, எம்ஏஎச் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.