பலகார அறைக்கு ஒரு ஈரப்பத மீட்டர்: திரையில் தெரியும் எண்ணுக்கு அல்ல, வரைபடத்துக்குத்தான் காசு

ஐப்பசி பிறந்தால் காரைக்குடிப் பக்கம் பலகாரம் போட்டு விற்கிற எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான். மணகோலம் பதமாக வந்திருக்கும், பாகும் சரியாகப் பிடித்திருக்கும், ரெண்டு நாள் கழித்து டின்னைத் திறந்தால் நமத்துக் கிடக்கும். மாவைத் திட்டுவோம், எண்ணெயைத் திட்டுவோம். காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்காக ஆன்லைனில் ரெண்டு ஹைக்ரோமீட்டர் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைச் சதுரம், மேலே வெப்பம், கீழே ஈரப்பதம். ப்ளூடூத் வழியாகப் போனில் வரைபடமும் வரும். ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. கம்பெனிப் பெயர் சொல்லிப் பயனில்லை, ஒரே பொருளைப் பல பெயர் ஒட்டி விற்கிறார்கள்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாங்கட்டில். வீட்டுக்கார ஆச்சி முன்கட்டில் இருக்கிறார். பலகார டின்கள் எல்லாம் உள்வீட்டில், அதாவது உள்ளறையில். சுண்ணாம்புப் பூச்சு, கனத்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். ஒரு மீட்டரை அந்த உள்வீட்டு அலமாரியில் வைத்தேன். இன்னொன்றை வளவுத் தூணில் (வளவு என்றால் வீட்டு நடுவே இருக்கிற திறந்த முற்றம்), வெயில் நேராகப் படாத பக்கமாகக் கட்டினேன்.

வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. இதை வாங்குகிற எல்லோரும் செய்யுங்கள், செலவே கிடையாது. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமாக மட்டும் இருக்கிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். உப்பு மீட்டர் மேல் படக்கூடாது. ஈர உப்புக்கு மேல் அடைபட்ட காற்றின் ஈரப்பதம் நம் ஊர்ச் சூட்டில் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் குணம். என்னுடையதில் ஒன்று 77 காட்டியது, மற்றது 74. ஆப்பில் திருத்தம் போட வசதி இருந்ததால் சரிசெய்துகொண்டேன். திருத்த வசதி இல்லாத மாடல் வாங்காதீர்கள்.

இனி வரைபடம். பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கிறது. என் மகள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஆயத்தொலைவு படிக்கிறாள், புள்ளி என்றாலே அடைப்புக்குறிக்குள் ரெண்டு எண். இங்கேயும் அதேதான். குறுக்கே நேரம், நெடுக்கே டிகிரி. (14, 38) என்றால் மதியம் ரெண்டு மணிக்கு 38 டிகிரி. திருப்பி (38, 14) என்று எழுதினால் 38 மணி என்று ஒரு நேரமே கிடையாது. இவ்வளவு தெரிந்தால் போதும், பாதி ஆப்பைப் படித்துவிடலாம். மீதிப் பாதி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று பார்ப்பது.

ரெண்டு மீட்டரையும் ஒரே படத்தில் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். ஒரு கத்திரி வெயில் நாளில் வளவுக் கோடு விடிகாலை 28இல் தொடங்கி மதியம் ரெண்டரைக்கு 39 வரை ஏறி இறங்கியிருந்தது. உள்வீட்டுக் கோடு 31க்கும் 32.5க்கும் நடுவிலேயே. ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, ஒரு கோடு படுத்தே கெடக்கே, மிசின் நின்னு போச்சா?"

"நிக்கல ஆச்சி, அதுதான் உங்க உள்வீடு. வெயில் உள்ள வர விடல."

"பின்ன? எங்க ஐயா கட்டுன வீடுல்ல!"

படுத்த கோட்டை நானும் ரசித்தேன். ஆனால் உற்றுப் பார்த்தால் அதற்கும் ஒரு உச்சி உண்டு. வளவில் உச்சி ரெண்டரை மணி, உள்வீட்டில் ராத்திரி எட்டு மணி வாக்கில். பகல் முழுதும் சுவர் குடித்த சூடு அவ்வளவு தாமதமாக உள்ளே வந்து சேர்கிறது, அதுவும் தேய்ந்து. திரையில் 32.4 என்று ஒற்றை எண்ணைப் பார்த்தால் இது எப்படித் தெரியும்?

ரெண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம்தான் எனக்குத் தினமும் வேலைக்கு ஆகிறது. சாயங்காலம் வளவுக் கோடு இறங்கி வந்து, ஏழே முக்கால் வாக்கில் உள்வீட்டுக் கோட்டை வெட்டிக்கொண்டு கீழே போகிறது. அந்தப் புள்ளியில் உள்ளும் வெளியும் ஒரே சூடு. அதற்கு முன்னால் சன்னலைத் திறந்தால் அனல் உள்ளே வரும், பின்னால் திறந்தால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் திறப்பது வழக்கம். கத்திரியில் அது ஒரு மணி நேரம் முந்தி.

ஈரப்பதக் கோடு கொஞ்சம் ஏமாற்றுக்காரக் கோடு. வெப்பம் மேலே போனால் அது கீழே வரும். 25 டிகிரியில் 80 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 35 டிகிரிக்குச் சூடாக்கினால் 45 சதவீதம் ஆகிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் ஒரு துளி குறைந்திருக்காது. சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம், அதனால் சதவீதம் குறைகிறது. ஆகவே மதியம் ஈரப்பதம் சரிவதைப் பார்த்து "காய்ஞ்ச காத்து" என்று டின்னைத் திறந்துவைக்கக் கூடாது. ரெண்டும் எதிரெதிராகப் போனால் பெரும்பாலும் வெயிலின் வேலை. ரெண்டும் சேர்ந்து ஏறினால் யாரோ தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்கள். வளவு மீட்டரைக் கழற்றிச் சமையல்கட்டில் வைத்த நாள், இட்லிப் பானை ஏறிய நேரம் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றாவது வகைதான் என் பிரச்சினைக்குப் பதில் சொன்னது. உள்வீட்டில் காலை 10:20 புள்ளி 61 சதவீதம், அடுத்த புள்ளி 10:30க்கு 74. வெப்பக் கோடு கிட்டத்தட்ட அப்படியே. மதியத்துக்குள் மெல்ல 64க்கு வந்துவிட்டது. மழை இல்லை, அடுப்பு இல்லை. வேலைக்கு வருகிற அக்கா ஆத்தங்குடிக் கல்லை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். அதே நேரத்தில்தான் நான் தேன்குழலைத் தட்டில் பரப்பி ஆறவைப்பேன்! இப்போது துடைப்பது சாயங்காலம், டின் எல்லாம் மூடிய பிறகு. 65க்கு மேல் காட்டினால் பரப்புவதே இல்லை, அது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கணக்கு.

குறை நிறைய இருக்கிறது. முதல் குறை, நெடுக்குக் கோட்டின் அளவை ஆப் தானாக மாற்றிக்கொள்கிறது. உள்வீட்டை மட்டும் தனியாகத் திறந்தால் 30.1இலிருந்து 30.7 போனது திரை முழுக்க மலையாக நிற்கும். என் கணவர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார், "உள்வீட்டுல சூடு எகிறிப்போச்சு, டின்ன நகத்து" என்று. ஓரத்தில் இருக்கிற எண்களைப் படிக்காமல் மலையை நம்பக் கூடாது. அளவைப் பூட்டிவைக்க ஒரு பொத்தான் வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

அடுத்தது வாரப் பார்வை. அதில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளிதான், சராசரி. நாள் பார்வையில் 39 தொட்ட வளவு, வாரப் பார்வையில் 33 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். துடைத்ததால் வந்த 74 அங்கே இருந்த இடமே தெரியாது. ஒரே புள்ளிதான், ஆனால் அது எதற்குப் பதிலாக வைக்கப்பட்டது என்று ஆப் எங்கேயும் சொல்வதில்லை. இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

பேட்டரி கழன்றுபோனால் இன்னொரு கூத்து. நடுவில் புள்ளியே இருக்காது, ஆப் பாட்டுக்கு இந்தக் கரையையும் அந்தக் கரையையும் கோடு இழுத்துச் சேர்த்துவிடும். அளந்தது புள்ளி மட்டும்தான், கோடு ஆப் போட்டது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி சாய்வாக ஒரு கோடு மணிக்கணக்கில் போனால் சந்தேகப்படுங்கள், நம் ஊர்க் காற்று அப்படி நடக்காது.

ப்ளூடூத் இந்தச் சுவரைத் தாண்டாது. போனை எடுத்துக்கொண்டு உள்வீட்டுக்குப் போனால்தான் புள்ளிகள் இறங்கும். மீட்டருக்குள்ளேயே பதிவு சேர்ந்திருப்பதால் ஒன்றும் தொலைவதில்லை, ஆனால் முன்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பேட்டரி சிஆர் 2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கிறது.

தீபாவளி ஆர்டருக்கு முன்னால் பத்து நிமிட இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைக்க முடிகிற மாடல் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்து டின்னில் போடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ரெண்டு புள்ளிதான் இப்போது விழுகிறது, அது பற்றவில்லை. யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், ஈர உப்பில் எவ்வளவு காட்டியது என்பதையும் சேர்த்து.